பெயரும் மெய்யளவும்: ஜான் பிரௌனிங்கின் சரித்திரம்

பெயரைக் கண்டவுடன் பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித சுபாவம். இந்தச் சுபாவத்தால் ராஜ்ய விஷயங்களில் நாம் அடைந்த நஷ்டம் கொஞ்சமல்ல. ஆயினும் அங்கே தவறு நேர்ந்தால் அடுத்த தேர்தலிலோ அடுத்த தலைமுறையிலோ திருத்திக்கொள்ள வழியுண்டு. துப்பாக்கி விஷயத்தில் அவ்வாறு திருத்திக்கொள்ள அவகாசமில்லை. குழலின் மேல் பொறித்திருக்கும் எண்ணை நம்பித் தகாத தோட்டாவை இட்டுச் சுட்டவனுக்கு, அந்த எண் பொய்யென்று தெரியவரும் கணத்திலேயே கண்ணோ கையோ போயிருக்கும்.

சென்னைக் கே.கே. நகரில் இன்று வசிக்கும் குடும்பங்களிற் பல, ஓரிரு தலைமுறைக்கு முன் வெளி ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவை. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், காட்டோரக் கிராமத்தில் வாழ்ந்த பாட்டனார் விட்டுச்சென்ற பழைய ரைபிள் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். விசையைச் சுற்றி இரும்பு வளையமொன்று கைப்பிடியாக நீண்டிருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெந்த தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். புதிய தோட்டா உள்ளே ஏறும். இதுவே லீவர் ரைபிள். லைசென்ஸ் புஸ்தகத்தில் ஓர் எண். குழலின் மேல் பாதி தேய்ந்த வேறோர் எண். வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மூன்றாவது எண். இம்மூன்றில் எது அத்துப்பாக்கியின் மெய்யான குழல் அளவு? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், உலகத்து லீவர் ரைபிள்களிற் சிறந்தவற்றைப் படைத்த ஒரு மனிதனின் வாழ்க்கையை முதலில் அறிய வேண்டும். அவன் பெயர் ஜான் மோஸஸ் பிரௌனிங்.

அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தில், யூட்டா பிரதேசத்தின் ஆக்டன் என்னும் ஊரில், 1855-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி பிரௌனிங் பிறந்தான். தகப்பனார் ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் சமயத்தைத் தழுவியவர். அச்சமயத்தாருக்கு நேர்ந்த துன்பங்களின் காரணமாகக் கிழக்கேயிருந்து வண்டி கட்டிக்கொண்டு மேற்கே சென்றவர்களில் ஒருவர். அக்காலத்து மார்மன் வழக்கப்படி அவருக்கு மூன்று மனைவியர், இருபத்திரண்டு மக்கள். இப்பெருங் குடும்பத்தில் பிறந்த ஜானுக்குப் பட்டணத்துக் கல்லூரிப் படிப்பு கிடைக்கவில்லை. உலைக்களமே அவனுக்குப் பள்ளிக்கூடம். உடைந்த துப்பாக்கிகளே பாடப் புஸ்தகம். பழுது பார்க்க வந்த ஒவ்வொரு துப்பாக்கியும் எந்த இடத்தில் ஏன் உடைந்தது என்று பார்த்துப் பார்த்தே அவன் அறிவு வளர்ந்தது. சிறுவனாயிருந்தபோதே கழித்துப் போட்ட பாகங்களைக் கொண்டு தானே ஒரு துப்பாக்கி செய்தான்.

1879-ம் வருஷம் அவன் வாழ்க்கையில் முக்கியமானது. அவ்வருஷத்தில் அவனுக்கு விவாகம் நடந்தது, தகப்பனார் காலமானார், அக்டோபர் மாதம் 7-ந் தேதி, ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்றுக்கு அவன் முதல் உரிமைச்சாஸனம் பெற்றான். சகோதரர்கள் ஒன்றுகூடி ஆக்டனில் சிறு பட்டறை அமைத்து, கையாலும் எளிய யந்திரங்களாலும் அந்த ரைபிளைச் செய்து விற்றார்கள். அதில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியாரின் கண்ணிற் பட்டது. 1883-ம் வருஷம் அக்கம்பெனியின் முக்கிய அதிகாரியான பென்னெட் ரயிலேறி ஆக்டனுக்கே வந்தார். பெரிய ஆலையைக் காணப் போகிறோம் என்று வந்தவர் கண்டது, சகோதரர்கள் சிலர் கூடி உழைத்த ஒரு சிறு பட்டறை. எட்டாயிரம் டாலருக்கு அந்த ஒற்றைத் தோட்டா ரைபிளின் உரிமை கைமாறியது. அன்று தொடங்கிய உறவு பத்தொன்பது வருஷம் நீடித்தது.

லீவர் ரைபிளை முதன்முதலில் கண்டுபிடித்தவன் பிரௌனிங் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அவன் ஐந்து வயதுக் குழந்தையாயிருந்த 1860-ம் வருஷத்திலேயே பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் அத்தகைய ரைபிளுக்கு உரிமை பெற்றுவிட்டார். அதன் வழிவந்த வின்செஸ்டர் 1866, 1873 ஆகிய மாதிரிகள் அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தன. ஆனால் அவற்றின் உட்கட்டு பலவீனமானது. குறைந்த வேகத் தோட்டாவையே தாங்கும். பிரௌனிங் செய்தது என்னவென்றால், தோட்டாவின் பின்னே கதவுபோல் நின்று அடைக்கும் இரும்புத் துண்டை, மேலும் கீழும் நகரும் வலிய தாழ்களால் இறுகப் பூட்டியதுதான். இந்த ஒரு மாறுதலால் 1886-ம் வருஷத்து மாதிரி, பெரிய மிருகங்களை வீழ்த்தும் பெருந்தோட்டாக்களையும் தாங்கியது. அதையே சிறிதாக்கியது 1892-ம் வருஷத்து மாதிரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது செய்யப்பட்டது. புகையில்லா மருந்துத் தோட்டாக்களுக்கு ஏற்றதாய் வந்த 1894-ம் வருஷத்து மாதிரியோ எழுபது லட்சத்தையும் தாண்டியது.

இந்த இடத்தில்தான் எண்களின் குழப்பம் ஆரம்பமாகிறது. அதைச் சற்று விளக்குவோம்.

ரைபிள் குழலின் உட்புறம் வழவழப்பானதல்ல. குண்டு சுழன்று நேராகச் செல்வதற்காக அங்கே முறுக்கு முறுக்காகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே மேடு. எதிரெதிர் மேடுகளுக்கிடையே அளந்தால் ஓர் அளவு வரும். பள்ளங்களுக்கிடையே அளந்தால் சற்றுப் பெரிய வேறோர் அளவு வரும். குண்டு பள்ளத்தை நிரப்ப வேண்டுமாதலால் குண்டின் அளவு இரண்டாவதையொட்டியது. பெயரோ பெரும்பாலும் முதலாவதையொட்டியது. ஆகவே 30 என்ற பெயருடைய ரைபிளின் குண்டு 0.308 அங்குலம். நமது தேசத்தில் போலீஸ்காரர் கையில் நெடுங்காலம் கண்ட 303 ரைபிளின் குண்டு ஏறக்குறைய 0.311 அங்குலம். இவையாவது காரணம் சொல்லத்தக்க வேற்றுமைகள். அமெரிக்க வியாபாரிகள் வைத்த பெயர்கள் சிலவற்றுக்கு அந்த நியாயமுமில்லை. 44-40 என்று பெயர் பெற்ற தோட்டாவின் குண்டு 0.427 அங்குலமே. 38-40 என்பதன் குண்டு 38 அன்று; அது 0.401 அங்குலம், அதாவது மெய்யாகவே 40. பின்னால் வரும் 40 என்ற எண்ணோ குழல் அளவைக் குறிப்பதன்று. கூட்டில் நிரப்பிய கறுப்பு மருந்தின் நிறை, கிரெயின் கணக்கில். பெயரில் உள்ள இரண்டு எண்களில் முதலாவது பொய். இரண்டாவது வேறு விஷயம். இதைப் படித்தவனுக்கும் தலை சுற்றாதா?

இதோடு நின்றதா? 1886-ம் வருஷத்து மாதிரியில் 45-70, 45-90 என்று இரண்டு தோட்டாக்கள். இரண்டின் குண்டும் 0.458 அங்குலந்தான். கூட்டின் நீளமோ ஒன்றில் 2.1 அங்குலம், மற்றதில் 2.4 அங்குலம். குழலை மட்டும் அளந்தவன் இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டான். 1894-ம் வருஷத்து மாதிரியில் 32-40 என்றும், 32 ஸ்பெஷல் என்றும் இரண்டு உண்டு. இவற்றின் குழல்களும் ஏறக்குறைய ஒரே அளவு. தோட்டா அறை மாத்திரம் வேறு. எனவே மெய்யளவு என்பது ஒரே எண்ணன்று. அது குழலின் அளவும், தோட்டா அறையின் வடிவமும் சேர்ந்த ஒன்று. இவ்விரண்டையும் தனித்தனியே சோதித்தாலொழிய உண்மை வெளிப்படாது.

சோதிக்கும் முறை பழமையானது; எளியது. முதற்காரியம், துப்பாக்கி காலியாயிருக்கிறதா என்று பார்ப்பது. லீவரைப் பலமுறை இயக்கியும், அறையைக் கண்ணாற் கண்டும், குழலடியில் நீண்டிருக்கும் தோட்டாக்குழாயையும் பார்த்த பின்பே மேற்கொண்டு கை வைக்க வேண்டும். பாட்டனார் காலத்துத் தோட்டா ஒன்று உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது அபூர்வமன்று. அடுத்தபடி, மெல்லிய ஈயத் துண்டொன்றை எண்ணெய் தடவிக் குழலின் ஒரு முனையில் வைத்து, குழலைக் கீறாத கோலால் மெதுவாகத் தட்டி மறுமுனையில் வெளியே எடுக்க வேண்டும். பள்ளமும் மேடும் அந்த ஈயத்தில் அச்சுப்போல் பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டர் கருவியால் அளந்தால் குழலின் மெய்யளவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் கிடைக்கும். மூன்றாவது, அறைக்கு முன்னே குழலைத் துணியால் அடைத்து, எளிதில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் வார்ப்பது. பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் சேர்ந்த அக்கலவை, கொதிநீரின் சூட்டுக்கும் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆறும்போது முதலில் சுருங்கும்; பின்னர் மெல்ல விரியும்; சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் அளப்பவனுக்கே உண்மை புலப்படும். அவசரப்பட்டு அளந்தவன் பொய்யையே பெறுவான். முற்காலத்தில் கந்தகத்தை உருக்கி வார்த்தும் இதே காரியத்தைச் செய்தார்கள்.

ஈயமும் வார்ப்பும் சொல்வதற்கும் குழலின் மேல் பொறித்த எண் சொல்வதற்கும் வேற்றுமை இருந்தால், ஈயத்தையும் வார்ப்பையுமே நம்ப வேண்டும். ஏனெனில் நூறு வருஷத்தில் ஒரு துப்பாக்கிக்கு என்னென்ன நேர்ந்திருக்கும் என்று எவன் சொல்ல முடியும்? துருப்பிடித்த குழலைப் பெரிதாகக் கடைந்திருக்கலாம். உள்ளே புதுக் குழாய் செருகியிருக்கலாம். வேறு துப்பாக்கியின் குழலை எடுத்துப் பொருத்தியிருக்கலாம். உடம்பில் வெட்டிய வரிசை எண்ணோ வேறு விதமான சாட்சி. வின்செஸ்டர் ஆலையின் பழைய கணக்குகளிற் பல அமெரிக்காவில் கோடி என்னும் ஊரின் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. பல ரைபிள்களின் வரிசை எண்ணைக் கொண்டு, அவை ஆலையை விட்டு வெளியேறியபோது என்ன அளவாயிருந்தன என்று அறியலாம். பிறந்தபோது என்ன என்று கணக்குப் புஸ்தகம் சொல்லும். இன்று என்ன என்று ஈயமே சொல்லும்.

பிரௌனிங்கின் லீவர் ரைபிள்களில் கடைசியானது 1895-ம் வருஷத்து மாதிரி. குழலடியில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பழைய முறையில், கூரிய நுனியுள்ள குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் வெடிப்பொட்டைக் குத்தி விபத்து விளைவிக்கக்கூடும். ஆகவே இதில் பெட்டி போன்ற தோட்டாக்கூண்டை நடுவில் வைத்தான். ரஷ்யச் சக்கரவர்த்தியின் சர்க்கார் முதல் உலக மகாயுத்தத்தின்போது ஏறக்குறைய மூன்று லட்சம் ரைபிள்கள் இந்த மாதிரியில் வாங்கியது. அவை ரஷ்யத் தோட்டாவின் அளவுக்குச் செய்தவை. இதே மாதிரி 303 அளவிலும் வந்தது. 30-06 அளவிலும் வந்தது. 1904-ம் வருஷம் முதல் 405 என்ற பேரளவிலும் வந்தது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றே. உருவத்தைக் கண்டு அளவைச் சொல்ல முயல்பவன் ஏமாறுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த 405 வின்செஸ்டர் நமது தமிழ்க் காடுகளுக்கும் அறிமுகமானது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ம் வருஷம் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றது இந்த அளவையே. அதே அளவு லீவர் ரைபிளைத்தான் பெங்களூர் வாசியான கென்னத் ஆண்டர்ஸன், அக்காலத்துச் சேலம் ஜில்லாவின் காடுகளிலே தோளிற் சுமந்து திரிந்தார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் ஆகிய இடங்களைச் சுற்றி அவர் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த வரலாறுகளைப் பலர் படித்திருப்பார்கள். 1910-ம் வருஷம் பிறந்து 1974-ம் வருஷம் மறைந்த அவர் பெயரோடு அந்த ரைபிளின் பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் குண்டின் மெய்யளவும் 405 அன்று, 0.411 அங்குலம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு ராஜ்ய விஷயத்தையும் குறிப்பிட வேண்டும். 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு ஒரு நீதி, ஐரோப்பியனுக்கு ஒரு நீதி என்று வகுத்தது. இந்தியன் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைக்கலாகாது, ஐரோப்பியனுக்கு அக்கட்டுப்பாடில்லை. காங்கிரஸ் மகாசபை அதைப் பலமுறை கண்டித்தது, காந்தியடிகளும் கண்டித்தார். அதற்கும் மேலே, 1907-ம் வருஷத்தையொட்டி 450 அளவுள்ள ரைபிள் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவதைப் பிரிட்டிஷ் சர்க்கார் தடுத்தது. பழைய ராணுவ ரைபிளான மார்ட்டினி-ஹென்றியின் குழல் அந்த அளவு. வேட்டைக்காரன் தோட்டாவிலிருந்து எடுத்த குண்டு கலகக்காரன் ரைபிளுக்குப் போய்விடும் என்பதே அச்சம். படையினர் கையாளும் 303 அளவுக்கும் அதே காரணத்தால் தடை. சீமைத் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே 465, 470, 475 என்று புதிய அளவுகளைப் படைத்து வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டன. முப்பது கோடி ஜனங்களை ஆண்ட ஒரு சாம்ராஜ்யம், அங்குலத்தில் நூற்றில் சில பங்குகளைக் கண்டு நடுங்கியது! குழல் அளவு என்பது கொல்லனின் கணக்கு மாத்திரமன்று, ஆட்சியாளரின் கணக்குமாகும் என்பது அன்றே தெளிவாயிற்று.

பிரௌனிங்கின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். வின்செஸ்டர் கம்பெனி அவனிடம் வாங்கிய துப்பாக்கி வடிவங்கள் நாற்பத்துநான்கு. அவற்றுள் ஆலையில் செய்து விற்றது பத்தே. மற்றவற்றைப் போட்டியாளர் கைக்குப் போகாமல் தடுப்பதற்காகவே வாங்கிப் பூட்டிவைத்தது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்வதே அக்கம்பெனியின் வழக்கம். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பிரௌனிங் அமைத்தபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டுமென்று கேட்டான். கம்பெனி மறுத்தது. உழைப்பவனுக்கு விளைச்சலில் பங்கு கேட்கும் வழக்கு அது, நமக்குப் புதிதல்ல. 1902-ம் வருஷம் உறவு முறிந்தது. அவன் ரெமிங்டன் கம்பெனியின் தலைவரைக் காணச் சென்றான். அவன் காத்திருந்தபோதே அத்தலைவர் மாரடைப்பால் மாண்டார் என்ற செய்தி வந்தது. மனந்தளராத பிரௌனிங் கப்பலேறிப் பெல்ஜியத்தில் லியேஜ் நகரையடுத்த ஹெர்ஸ்டாலுக்குச் சென்றான். அங்கிருந்த எப்.என். என்ற ஆலை ஏற்கெனவே அவன் அமைத்த கைத்துப்பாக்கியைச் செய்துவந்தது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்றால் கைத்துப்பாக்கி என்றே பொருளாகிவிடும் அளவுக்கு அவை பெருகின.

அந்தக் கைத்துப்பாக்கிகள் கடல் கடந்து வந்த கதை நமது சரித்திரத்தில் ரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. லண்டனிலிருந்து சாவர்க்கர் ரகசியமாக அனுப்பிய இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளில் ஒன்றால், 1909-ம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி நாசிக்கில் கலெக்டர் ஜாக்ஸனை அனந்த கன்ஹரே சுட்டான். 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டு வீழ்த்தித் தன்னையும் சுட்டுக்கொண்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். அவ்வழி நமது தேசம் இறுதியில் தேர்ந்த வழியன்று. ஆயினும் அந்த வாலிபர்களின் உயிர்த்தியாகத்தை மறக்க நமக்கு உரிமையில்லை. யூட்டாவின் பட்டறையில் உடைந்த துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்த சிறுவன், மணியாச்சியின் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டான். கருவி செய்பவன் கருவி போகும் ஊரை அறிவதில்லை.

இக்கைத்துப்பாக்கிகளிலும் அளவின் குழப்பம் தொடர்ந்து வந்தது. அமெரிக்காவில் 32 என்று வழங்கிய தோட்டாவே ஐரோப்பாவில் 7.65 மில்லிமீட்டர் என்று வழங்கிற்று. அமெரிக்காவின் 380, ஐரோப்பாவில் 9 மில்லிமீட்டர் குட்டைத் தோட்டா. ஒரே பண்டத்துக்கு இரண்டு பெயர். 1914-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி ஸரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் காவ்ரிலோ பிரின்ஸிப் சுட்டான். அதிலிருந்து உலக மகாயுத்தம் மூண்டது. அவன் சுட்டது பிரௌனிங்கின் 1900-ம் வருஷத்து மாதிரி, 7.65 அளவு என்று எத்தனையோ புஸ்தகங்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. மெய்யில் அது 1910-ம் வருஷத்து மாதிரி, 9 மில்லிமீட்டர் குட்டைத் தோட்டாவுக்குரியது. பாதிரிமார் மடமொன்றில் பல்லாண்டு கிடந்து, 2004-ம் வருஷம் வியன்னாவின் ராணுவப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த அத்துப்பாக்கியின் வரிசை எண் 19074. ஒரு யுத்தத்தின் முதற் குண்டைப் பற்றியே உலகம் இவ்வளவு காலம் தவறாக நம்பியிருந்ததென்றால், நமது வீட்டுப் பரணிற் கிடக்கும் ரைபிளைப் பற்றிய வாய்மொழியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நமது தேசத்திலும் இத்தகைய உதாரணம் ஒன்றுண்டு. 1928-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி லாகூரில் ஸாண்டர்ஸைச் சுட்ட பகத்ஸிங்கின் கைத்துப்பாக்கி எங்கே போயிற்றென்று பல்லாண்டு தெரியாமலிருந்தது. இந்தூரில் எல்லைக் காவற்படையின் பொருட்காட்சிச் சாலையில், மேலே பூசிய வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் தென்பட்டது. பழைய வழக்கு ரிகார்டுகளில் கண்ட எண்ணும் அதுவே. அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி செய்த 32 அளவுக் கைத்துப்பாக்கி அது. அதன் அமைப்பும் பிரௌனிங்கினுடையதே. சந்திரசேகர ஆஸாத் கடைசிவரை ஏந்தி நின்ற கைத்துப்பாக்கியும் இதே இனம். இச்செய்தியைப் பிரசுரித்த பத்திரிகைகள் சிலவற்றில் அதன் அளவு .32 மில்லிமீட்டர் என்று காணப்பட்டது. அவ்வளவு சிறிய துவாரத்தில் தையல் ஊசிகூட நுழையாது! அங்குலத்தை மில்லிமீட்டராக எழுதிவிட்ட பிழை அது. வீரர்களின் நினைவைப் போற்றும்போது அளவைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று சிலர் கேட்கலாம். எண்ணைச் சரிபார்த்ததால்தானே அந்தத் துப்பாக்கியே கிடைத்தது என்பது நமது பதில்.

முதல் உலக மகாயுத்தத்தில் அமெரிக்கா இறங்கியபோது பிரௌனிங் அமைத்த யந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்க ராணுவம் ஏற்றது. துப்பாக்கிக்கு இவ்வளவென்று பங்கு கேட்டிருந்தால் கோடிக்கணக்கில் கிடைத்திருக்கும். அவன் ஏழரை லட்சம் டாலர் மொத்தத் தொகையை ஏற்றுத் திருப்தியடைந்தான். கம்பெனியிடம் பங்குக்காக வாதாடியவன், தேசத்தின் ஆபத்தில் வாதாடவில்லை. 1911-ம் வருஷம் அந்த ராணுவம் ஏற்ற அவனது 45 அளவுக் கைத்துப்பாக்கி எழுபது வருஷத்துக்கு மேல் படையில் இருந்தது. அவன் தொடங்கிவைத்த 50 அளவுப் பெரிய யந்திரத் துப்பாக்கியோ இன்றும் பல தேசத்துப் படைகளில் வழங்குகிறது. அவன் பெற்ற உரிமைச்சாஸனங்கள் 128.

1926-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி, ஹெர்ஸ்டால் ஆலையில் தன் குமாரன் வாலின் பட்டறையில் வேலையாயிருக்கையில் மாரடைப்பு வந்து பிரௌனிங் காலமானான். வயது எழுபத்தொன்று. முடிவடையாமல் நின்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் வேலையைக் குமாரன் தொடர்ந்து முடித்தான். பிரேதம் கடல் கடந்து ஆக்டனுக்குச் சென்றது. பிறந்த ஊரிலேயே அவன் அடக்கமானான்.

இம்மனிதனை எவ்வாறு மதிப்பிடுவது? அவன் செய்த கருவிகள் எத்தனை உயிரை வாங்கின என்ற கணக்கை எவரும் எழுத முடியாது. அஹிம்சையைப் பெருநெறியாகக் கொண்ட தேசத்தார் நாம். அக்கணக்கை அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் அவனிடம் கற்கத்தக்க குணம் ஒன்றுண்டு. அவன் பெயரை நம்பினவனல்லன். பொருளைப் பிரித்துப் பார்த்தவன். உடைந்த துப்பாக்கியின் மேல் எந்தக் கம்பெனியின் முத்திரை என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டான். நமது வாலிபர்கள் ஆலைகளிலும் ஆராய்ச்சிசாலைகளிலும், ஏன், ராஜ்ய சபைகளிலும் இந்தக் கேள்வியையே கேட்கக் கற்க வேண்டும்.

கே.கே. நகர்க் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி. 1878-ம் வருஷத்துச் சட்டம் ஒழிந்து, சுதந்திர இந்தியாவின் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் வழங்குகிறது. அதில் ஜாதி வேற்றுமையில்லை; ஆனால் கட்டுப்பாடு உண்டு. பாட்டனார் பெயரில் இருந்த லைசென்ஸ் பேரன் கையில் செல்லாது; வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கலாகாது. குழல் அளவு தடைசெய்யப்பட்டதா, தடையற்றதா என்பதைப் பொறுத்து லைசென்ஸ் தரும் அதிகாரமே மாறும். பழைய 1895-ம் வருஷத்து மாதிரி 303 அளவாயிருந்தால் ஒரு விதி; 405 அளவாயிருந்தால் வேறு விதி. லைசென்ஸ் புஸ்தகத்தில் பிழையான எண் இருந்தால், குற்றமற்றவனும் கோர்ட்டு வாசலில் நிற்க நேரும். பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு என்று எண்ணுவதும் தவறு. பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுடவே இயலாத புராதன ஆயுதத்துக்கே சட்டம் விலக்களிக்கிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கியே.

ஆகவே நாம் சொல்வது இதுதான். வீட்டில் பழைய ரைபிள் இருப்பவர்கள் அதைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். அளவு சரியாயிருந்தும் ஆபத்து உண்டு. 1892-ம் வருஷத்து மாதிரிக்கென்று செய்த வேகமான 44-40 தோட்டாவை அதே அளவுடைய 1873-ம் வருஷத்து மாதிரி தாங்காது. ஈயமும் வார்ப்பும் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ கைதேர்ந்த கொல்லரிடமோ நடக்கட்டும். கோர்ட்டுக்கு வந்த துப்பாக்கிகளை ஆராயும் தடய அறிவியல் துறை மயிலாப்பூரில், காமராஜர் சாலையிலேயே இருக்கிறது. அங்குள்ள நிபுணர்களும் பெயரைக் கேட்டு முடிவு சொல்வதில்லை, அளந்தே சொல்கிறார்கள். கிடைத்த மெய்யளவை எழுத்தில் வாங்கி, லைசென்ஸ் புஸ்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பிழையிருந்தால் அதிகாரிகளிடம் தாமே சென்று திருத்திக்கொள்ள வேண்டும். அதனால் பாட்டனாரின் ஞாபகத்துக்கு ஒரு குறைவும் வராது. அவர் சொன்ன எண் பொய்த்தாலும், அவர் விட்டுச்சென்ற பொருள் மெய்யாகவே நிற்கும்.